பெட்டிக்கு முன் கம்பி

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி விதவிதமாக வந்துவிடும். “சார், மடிக்கணினியில் இருக்கும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க எந்தப் பெட்டி வாங்கலாம்?” படிவம் 3 மாணவனும் கேட்கிறான், எஸ்.பி.எம். எழுதப் போகும் மாணவியும் கேட்கிறார். கேள்விக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்று நீங்களே தீர்மானித்துவிட்டு, எது என்பதை மட்டும் என்னிடம் கேட்கிறீர்கள். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. முதலில் ஒரு கம்பி வாங்குங்கள். பெட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நீலாய்க்கும் சிரம்பானுக்கும் நடுவில், கேடிஎம் ரயில் நின்று போகும் லாபுவில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மூத்த பெண் படிவம் 5. வீட்டு வரவேற்பறையில் 40 அங்குலத் தொலைக்காட்சி. பெண்ணிடம் 11 அங்குலத் திரை கொண்ட பழைய மடிக்கணினி. ஆசிரியர் அனுப்பும் வேதியியல் காணொலிகளை அந்தச் சிறிய திரையில் பார்த்துக் கண் வலிக்கிறது என்று பெண் சொல்லியிருக்கிறாள். அப்பா உடனே பாசார் மாலாமுக்குப் போய் 180 வெள்ளிக்கு ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்துவிட்டார். எல்லாச் சேனலும் ஆயுள் முழுக்க இலவசம் என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த ஆயுள் நான்கு மாதம்தான் நீடித்தது. அதன் பிறகு சேனல் எதுவும் வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மடிக்கணினியில் இருந்த வேதியியல் காணொலியை அந்தப் பெட்டி ஒருநாள்கூடத் தொலைக்காட்சியில் காட்டியதில்லை. அது அந்த வேலைக்கான பெட்டியே அல்ல.

180 வெள்ளி சிறிய தொகையா? 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65 வெள்ளி. அந்தப் பெட்டி கிட்டத்தட்ட மூன்று நாள் உழைப்பு. அதனால்தான் இந்த விஷயத்தை விளையாட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, அறிவியலுக்கு வருவோம். முழு உயர்துல்லியப் படம் ஒன்றில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 2.07 மில்லியன் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட். விநாடிக்கு 60 படங்கள். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு ஏறக்குறைய 3 பில்லியன் பிட். மடிக்கணினியின் திரைக்கு இவ்வளவு தகவலும் ஒவ்வொரு விநாடியும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டு வைஃபையால் இதைச் சுமக்க முடியாது. ஆனால் ஓர் எச்டிஎம்ஐ கம்பியால் முடியும். 2002 டிசம்பரில் வெளியான அதன் முதல் வடிவமே விநாடிக்கு 4.95 பில்லியன் பிட்டைச் சுமக்கக்கூடியது. நுனியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் அந்த 19 முனைகளும் இதற்காகத்தான்.

கம்பியில் படம் சுருக்கப்படாமல் போகிறது. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் நேரம் வேண்டாம் என்பதால் தாமதமும் இல்லை. கடவுச்சொல் கேட்காது. இணையம் கேட்காது. இடி இடித்து இணைப்பு அறுந்துபோன மாலையிலும் வேலை செய்யும். (இடி மிக அருகில் வந்துவிட்டால் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள், அப்போது வேதியியல் காத்திருக்கலாம்.) விலை பதினைந்து, இருபது வெள்ளி. தங்கமுலாம் பூசியது, படம் பளிச்சென்று இருக்கும் என்று யாராவது 80 வெள்ளிக் கம்பியை நீட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். இரண்டு மீட்டர் தூரத்துக்கு இலக்கமுறைத் தகவல் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அதற்கு மேல் பளிச்சென்று ஆவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் கம்பி வாங்கும் முன் இரண்டு முனைகளையும் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெல்லிய புதிய மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ துளை இருக்காது. நீள்வட்ட யுஎஸ்பி-சி துளை மட்டும் இருக்கும். துளை ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாத் துளையும் படத்தை வெளியே அனுப்பாது. சில துளைகள் மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டுமே. விலை குறைந்த கைப்பேசிகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே நண்பனின் கைப்பேசியில் வேலை செய்த கம்பி உங்களுடையதில் செய்யாமல் போகலாம். குற்றம் கம்பியில் இல்லை. சாதனத்தின் தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலில் அந்தத் துளை காணொலியை வெளியிடும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மறுமுனையில், பாட்டி வீட்டில் இருப்பதுபோல் பழைய குண்டுத் தொலைக்காட்சி என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று துளைகள்தான் இருக்கும். அதற்கும் மாற்றி கிடைக்கிறது. படம் வரும், எழுத்து வராது. அந்தத் தொலைக்காட்சி காட்டும் படத்தில் 576 வரிகள்தான். திரைப்படத்துக்கு அது போதும். கணிதச் சமன்பாட்டில் மேலே உள்ள சிறிய 2-ஐத் தேடிக் கண் பூத்துப்போகும்.

கம்பி வேண்டாம், காற்றிலேயே அனுப்ப வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால் குழப்பம் வருகிறது.

ஒன்று, திரையை அப்படியே பிரதி எடுத்து அனுப்புவது. 2012-இல் வைஃபை கூட்டமைப்பு கொண்டுவந்த மிராகாஸ்ட் இந்த வகை. ஆப்பிள் சாதனங்களில் ஏர்ப்ளே என்று இருக்கும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள்; அருகில் இருக்கும் தொலைக்காட்சி ஏற்றுக்கொள்ளும் வகையாக இருந்தால் அதன் பெயர் பட்டியலில் வந்து நிற்கும். அப்படி வந்தால் நீங்கள் ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பாதித் தொலைக்காட்சிகளில் என்னென்ன வசதி இருக்கிறது என்று யாரும் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். இந்த வழியில் முன்பு சொன்ன 3 பில்லியன் பிட்டையும் மடிக்கணினி நொடிக்கு நொடி சுருக்கிக்கொண்டே அனுப்ப வேண்டும். பழைய கணினி என்றால் விசிறி அலறும், படம் அரை விநாடி பிந்தும். காணொலி பார்க்கும்போது தெரியாது. சுட்டியை நகர்த்திப் பாருங்கள், எரிச்சல் வரும். மற்றபடி மிராகாஸ்டுக்கு இணையம் தேவையில்லை. இரண்டு சாதனங்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அது நல்ல குணம்.

மற்றொரு வழியில் உங்கள் கைப்பேசி படத்தை அனுப்புவதே இல்லை. கடைக்குப் போகும் தம்பியிடம் சாமான் பட்டியலை மட்டும் கொடுப்பதுபோல், எந்தக் காணொலி, எங்கே இருக்கிறது என்ற முகவரியைத் தொலைக்காட்சியில் செருகிய சாதனத்திடம் கொடுக்கிறது. அந்தச் சாதனம் இணையத்தில் போய்த் தானே எடுத்துவந்து காட்டுகிறது. 2013 ஜூலையில் 35 டாலருக்கு வெளியான கூகளின் குரோம்காஸ்ட் இந்த முறையைப் பரவலாக்கியது. கைப்பேசியின் மின்கலம் தீராது, அழைப்பு வந்தால் படம் நிற்காது. அழகான யோசனை, மறுக்க மாட்டேன். ஆனால் கடையும் கடைக்குப் போகும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

2025 மார்ச் 9-ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? 2015-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் சாதனங்கள் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. எந்தச் சாதனமும் உடையவில்லை, எந்தக் கம்பியும் அறுபடவில்லை. “இந்தச் சாதனத்தை நம்ப முடியவில்லை” என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். தான் உண்மையான சாதனம்தான் என்று காட்டுவதற்கு ஒவ்வொன்றும் ஓர் இலக்கமுறைச் சான்றிதழை வைத்திருந்தது. அந்தச் சான்றிதழ்ச் சங்கிலியில் ஒரு கண்ணிக்குப் பத்தாண்டு ஆயுள். அது அன்று காலாவதியானது. நம் அடையாள அட்டை செல்லாமல் போனால் வங்கி வாசலில் நிற்கவேண்டியதுதானே, அதுபோல. சாதனத்தைப் பழைய நிலைக்கு மீட்டமைக்க வேண்டாம் என்று நிறுவனம் எச்சரித்தது. ஆனால் அதற்குள் பலர் அவசரப்பட்டு மீட்டமைத்துவிட்டார்கள்; அவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டவர்கள். சில நாள்களில் திருத்தம் வந்து பெரும்பாலானவை உயிர்பெற்றன. பெரிய நிறுவனம், நல்ல சாதனம், சரியான விலை, எல்லாம் இருந்தும் இந்த நிலை. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே குரோம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாகக் கூகள் அறிவித்துவிட்டது.

எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது: இதை என்னைத் தவிர வேறு யாரால் அணைக்க முடியும்? இருபது வெள்ளிக் கம்பியை அணைக்க யாராலும் முடியாது, நாயோ தம்பியோ கடித்தால் ஒழிய.

இனிக் கறுப்புப் பெட்டிக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு பெட்டி என்று பெயர் சொல்லப்படுபவை எல்லாம் ஒரே இனம் அல்ல. தொலைக்காட்சிக்கென்றே கூகள் சான்றளித்த மென்பொருளோடு வருபவை உண்டு. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த ஆண்ட்ராய்டை ஏற்றி, மேலே யாரோ எதையோ சேர்த்து விற்கும் பெயரில்லாப் பெட்டிகளும் உண்டு. வெளியே ஒரே கறுப்பு. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர், தான் இணையத்தில் வாங்கிய ‘டி95’ என்ற மலிவுப் பெட்டியில் தீநிரல் தயாரிப்பிலேயே புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். 2025-இல் ‘பேட்பாக்ஸ் 2.0’ என்று பெயரிடப்பட்ட வலையமைப்பு வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட சாதனங்கள் அதில் சிக்கியிருந்தன; அவற்றில் இத்தகைய பெட்டிகள் ஏராளம். அவ்வாண்டு ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களை எச்சரித்தது. இப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டு இணைப்பை யாரோ ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிடும். எங்கோ ஒருவன் செய்யும் மோசடி, பார்ப்பவர்களுக்கு லாபுவில் உங்கள் வீட்டிலிருந்து செய்யப்பட்டதாகத் தெரியும். அதே வைஃபையில்தான் அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கிறார்.

சட்டமும் இருக்கிறது. 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்யும் சாதனத்தை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘ஆயுள் முழுக்க இலவசம்’ என்பவரிடம் ஏன் ரசீது கிடைப்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். வைஃபை உள்ள எந்தச் சாதனத்தை நம் நாட்டில் விற்கவும் பல்லூடக ஆணையத்தின் சான்று வேண்டும். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முத்திரை இருப்பதாலேயே நல்ல பெட்டி ஆகிவிடாது. இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சியின் பலவீனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கம்பி அசிங்கம். காலில் தட்டும். படத்தை நிறுத்த ஒவ்வொரு முறையும் எழுந்து மடிக்கணினிக்குப் போக வேண்டும். பாட்டிக்குக் கையில் தொலைவியக்கி வேண்டும், அவரிடம் விண்டோஸ் பொத்தான் என்று பாடம் எடுக்க முடியாது. நல்ல இணைய இணைப்பு இருந்து, மாதக் கட்டணம் கட்டி முறையான தளங்களில் படம் பார்க்கும் வீடு என்றால் சான்றளிக்கப்பட்ட செருகுசாதனம் ஒன்றை வாங்குவது நியாயமான செலவு. சான்றில்லாப் பெட்டியில் அந்தத் தளங்கள் பல வேளைகளில் மங்கலான படத்தையே தரும். உயர்துல்லியத்தைப் பூட்டி வைத்திருக்கும் சாவி அதனிடம் இருக்காது. நான் சொல்வது அந்த வீடுகளுக்கு அல்ல. இணையம் முழுக்கக் கைப்பேசித் தரவிலிருந்து வரும் வீடுகளுக்குச் சொல்கிறேன்.

அந்த வீடுகளில் கணக்கு வேறு. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொலி ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2.25 கிகாபைட்டை விழுங்கும். இருபது நிமிடப் பாடம் 750 மெகாபைட். அதை நீங்கள் ஒருமுறை, தங்கை ஒருமுறை, தேர்வுக்கு முதல் நாள் மறுபடி ஒருமுறை என்று பார்த்தால் மூன்று மடங்கு. எத்தனைமுறை பார்த்தாலும் செருகுசாதனம் ஒவ்வொரு முறையும் கடைக்குப் போய்வரும். ஆசிரியர் அனுப்பிய கோப்பைப் பள்ளியில் இருக்கும்போதே ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் செலவு சுழியம். தோட்டத்துப் பழைய பலகை வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பலகையை வைஃபை அலை எளிதாகக் கடந்துவிடும், துத்தநாகத் தகடு திருப்பி அடித்துவிடும். நடுவில் தகடு வைத்த சுவர் ஒன்று இருந்தால் மோடம் எவ்வளவு விலையானாலும் அடுத்த அறையில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

கோப்பு கையில் இருந்தால் கம்பிகூட வேண்டாம் என்ற நிலையும் வரலாம். கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய தொலைக்காட்சிகளின் பின்புறமோ பக்கவாட்டிலோ யுஎஸ்பி துளை இருக்கும். பென்டிரைவில் காணொலியை ஏற்றிச் செருகுங்கள். திறக்கவில்லையா? தொலைக்காட்சியைத் திட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். மற்ற முறைகளைச் சில தொலைக்காட்சிகளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த முறையில் ஒரே கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டக் கூடாது. அடுத்து, காணொலி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்று பாருங்கள். 2003-இல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். 2013-இல் வந்த எச்.265 பழைய தொலைக்காட்சிக்குப் புரியாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் புதியதைப் பழையதாக மாற்றிக்கொள்ளலாம். பழைய கணினியில் இதற்கு நேரமாகும். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள்.

கூரையில் அலைவாங்கி இருந்தால் அதையும் மறந்துவிடாதீர்கள். 1972-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் வழித்தோன்றலாக 2021 பிப்ரவரியில் வந்த டிடிக் டிவி அலைவரிசைக்கு ஒரு மெகாபைட் தரவும் செலவில்லை. 2019 அக்டோபர் 31-உடன் நாடு முழுவதும் பழைய அலைமுறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ தொலைக்காட்சிகளுக்கு மாற்றுப்பெட்டி தேவைப்பட்டது. வேறு யாரால் அணைக்க முடியும் என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதில்தான். ஆனால் அப்போது அரசு முன்கூட்டியே தேதியைச் சொல்லியிருந்தது. சான்றிதழ் எதுவும் சொல்லிக்கொண்டு காலாவதியாகவில்லை.

லாபு வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். கறுப்புப் பெட்டி அலமாரி மேல் பூச்சாடிக்குத் தாங்கியாக இருக்கிறது. நான் கொண்டுபோன கம்பியைச் செருகினோம். படம் வந்தது, ஒலி வரவில்லை. அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது, மறுபடியும் ஏமாந்தோமோ என்று நினைத்திருப்பார். பெண்தான் கண்டுபிடித்தாள். கணினி ஒலியைத் தன் சொந்த ஒலிபெருக்கிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. திரையின் கீழ் மூலையில் உள்ள ஒலிக்குறியை அழுத்தித் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் ஆசிரியரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. அன்று இரவே தம்பி இரண்டுமுறை கம்பியில் தடுக்கி விழுந்தானாம். மறுநாள் அப்பா கால் வெள்ளிக்கு ஒன்றாகக் கொக்கி ஆணி வாங்கி, கம்பியைச் சுவரோரமாக அடித்துவிட்டார்.